ஞாயிறு காலை வராத பதிவு

சித்தோர்கர், ராஜஸ்தான்
3 ஆகஸ்ட் 2008

அடியே வேலு,

உன் ‘நாரணாபுரம் விலக்கு’ வலைப்பூவில் நேற்று நீ போட்ட பதிவைப் படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். பின்னூட்டப் பெட்டியில் எழுதினால் ஊரே படிக்கும் என்பதால் மின்மடலில் வந்து திட்டுகிறேன்.

அந்தப் புதுப்பெண்! கல்யாணமான கையோடு பட்டாசு ஆலைக்கு நைலக்ஸ் சேலையில் வருகிறாள். ‘பொறி பறக்கும்த்தா, நூல் சேலை கட்டிட்டு வா’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். முதல் நாளே வீடு திரும்பினால் மாமியார் என்ன சொல்வாளோ என்று பயந்து, ஊர் ரோடு பிரிகிற விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற முன்பின் தெரியாத ஒருத்தியிடம், ‘அக்கா, சேலையை மாத்திக்கிருவமா?’ என்று கேட்கிறாள் பார், அந்த இடத்தில் கைதட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்று குளியலறையிலிருந்து கத்தினார்.

விருதுநகர் ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் கிடந்தோம். இப்படி எழுதுவாய் என்று ஒரு நாளாவது மூச்சு விட்டாயா? அமுக்குணி! நானும் ‘அரைமூடித் தேங்காய்’ என்று ஒரு வலைப்பூ வைத்துக்கொண்டு, தேங்காய் கிடைக்காத இந்தச் சிமெண்ட் ஊரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் படித்தால் வயிறு எரிகிறது. நல்ல எரிச்சல்தான்.

ஆனால் மாதத்துக்கு ஒன்று, அதுவும் மகாராணிக்கு மனசு வந்தால் எழுதுகிறாய். அதனால் ஒரு பந்தயம். இந்த வாரம் நீ எனக்குத் தலைப்பு கொடு. அடுத்த வாரம் நான் உனக்கு. ஞாயிறு காலை பதிவு வந்தாக வேண்டும். தவறியவள் கடையைச் சாத்த வேண்டும். ஆமாம், வலைப்பூவை அழித்துவிட்டு வெறும் வாசகியாக உட்கார வேண்டும். இவ்வளவு பயம் இருந்தால்தான் நாம் இரண்டு சோம்பேறிகளும் எழுதுவோம். சம்மதமா?

அருணா

*

சிவகாசி
6 ஆகஸ்ட் 2008

அன்புள்ள அருணா,

சம்மதம். பதில் தாமதம் என்று கோபிக்காதே. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் அச்சகத்தில் 2009 காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டது. ஆர்டர் வந்து குவிகிறது. நான் புரூப் பார்க்கிற மேசையில் இந்த வருஷம் முடிந்து வெகுநாளாயிற்று. வைகாசியிலிருந்தே 2009-இன் ராகுகாலத்திலும் முகூர்த்த நாளிலும்தான் குடியிருக்கிறேன். ‘தீபாவளி என்ன கிழமைடி?’ என்று அம்மா கேட்டாள். ‘சனிக்கிழமை’ என்று அடுத்த வருஷத்தைச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

நீ பேசுகிற மாதிரியே எழுதுகிறாய். உன் பதிவைப் படித்தால் நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை ஆட்டுவது தெரிகிறது. எனக்கு அது வராது. ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதினால்தான் நிற்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இந்தப் பணயம் விளையாட்டாக இருக்கலாம். பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்க்கிறவள் நான். என் சொல் என்று எனக்கு இருப்பது அந்த வலைப்பூ ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுவது. அதை வைத்துப் பந்தயம் கட்டுகிறேன் என்றால், தெரிந்துதான் கட்டுகிறேன்.

உனக்கான தலைப்பு: பக்கத்து வீட்டு அடுப்படி.

வேல்விழி

*

சித்தோர்கர்
10 ஆகஸ்ட் 2008

வேலு,

காலையிலேயே பதிவைப் போட்டுவிட்டு உன் பின்னூட்டத்துக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் பொதுப்பாஷை இல்லாமல் ஒரு பூசணிக்காயை வைத்துச் சண்டை போட்டுச் சமாதானம் ஆனதைப் பற்றி நாற்பது பேர் ‘சூப்பர்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீ எழுதியிருக்கிறாய்: ‘பிழை எதுவும் கண்ணில் படவில்லை.’ புரூப் பார்க்கிறவள் வாயிலிருந்து இது வந்தால் தங்க மோதிரம் போட்ட மாதிரி. போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது உன் முறை. தலைப்பு: நான் அசந்துபோன ஆள். தலைவர், தியாகி என்று யாரையாவது பிடித்துக்கொண்டு வந்தால் கொன்றுவிடுவேன். உன் கண்ணால் பார்த்த ஆளாக இருக்க வேண்டும். பதினேழாம் தேதி, ஞாயிறு காலை. காத்துக்கொண்டிருப்பேன்.

அருணா

*

சிவகாசி
14 ஆகஸ்ட் 2008

அருணா,

எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆள் கிடைக்கத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எழுதலாமா என்று யோசிக்கத்தான் நேரம் ஆயிற்று.

ஒரு வேண்டுகோள். படித்ததும் உன் மனதில் என்ன வருகிறதோ அதை உடனே எழுது. கோபம் வந்தால் கோபத்தை எழுது. சும்மா மட்டும் இருந்துவிடாதே.

வேல்விழி

*

சித்தோர்கர்
17 ஆகஸ்ட் 2008, ஞாயிறு

மகளே வேல்விழி,

காலையில் பல் விளக்காமல் வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் காணோம். குளித்துவிட்டு வந்தேன். காணோம். மத்தியானம் வெண்டைக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து பார்த்தேன். காணோமே காணோம்!

தோற்றாயடி! பெரிய பீடிகை எல்லாம் போட்டாயே, எங்கே உன் அசந்துபோன ஆள்? நான்தான் அசந்து போய் உட்கார்ந்திருக்கிறேன். விதி விதிதான். கடையைச் சாத்து. சாவியை மரியாதையாக என்னிடம் கொடு.

வெற்றி பெற்ற
அருணா

*

சிவகாசி
18 ஆகஸ்ட் 2008

அருணாதேவிக்கு,

உங்கள் மடல் கிடைத்தது. புரிந்துகொண்டேன். நீங்கள் சொன்னபடி கடையைச் சாத்திவிட்டேன். இனி அங்கே யாரும் எதையும் படிக்க முடியாது. மனம் நிம்மதியாக இருக்கட்டும்.

வே. வேல்விழி

*

சித்தோர்கர்
19 ஆகஸ்ட் 2008

வேலு,

என்ன காரியம்டி செய்தாய்? ‘நாரணாபுரம் விலக்கு’ போய்ப் பார்த்தால் ‘அப்படி ஒரு பக்கமே இல்லை’ என்று வருகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் புதுப்பெண் போயிற்றா? பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கினவர்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுவும் போயிற்றா? எல்லாமா?

நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ ஒரு வாரம் எழுதாவிட்டால் குடியா முழுகிவிடும்? அடுத்த வாரம் எழுதியிருக்கலாமே! அதுவும் ‘நீங்கள்’ என்கிறாய். ஆறாயிரம் தடவை ‘எருமை’ என்று கூப்பிட்டவள் என்னை ‘நீங்கள்’ என்கிறாய். ‘யாரும் எதையும் படிக்க முடியாது’ என்றால் என்ன அர்த்தம்? எந்தப் பதிவைச் சொல்கிறாய்? போன் போட்டால் அச்சகத்தில் ‘வேலையாக இருக்கிறாள்’ என்று வைத்துவிடுகிறார்கள். அழுகை வருகிறது வேலு. என்னைத் திட்டியாவது எழுது.

அருணா

*

சிவகாசி
23 ஆகஸ்ட் 2008

அருணா,

திட்டத்தான் போகிறேன்.

ஒன்றும் தெரியாதவள் போல ‘எந்தப் பதிவு’ என்று கேட்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் பூட்டியிருக்கும். அதனால் சனிக்கிழமை மாலையே ஏற்றி, 17-8-2009 காலை எட்டு மணிக்குத் தானாக வெளிவரும்படி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். திங்களன்று அழிக்கப் போனபோதும் பட்டியலில் அந்தத் தலைப்பைப் பார்த்தேன். நீ படித்தாய். படிக்காத மாதிரி இருந்துகொண்டாய். ‘கடையைச் சாத்து’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் நான் புரிந்துகொள்வேன் என்று நினைத்தாய். புரிந்துகொண்டேன்.

நகல் எதுவும் என்னிடம் இல்லை. நேராக அதிலேயே அடித்தது. ஆகவே எழுதியதை உன் முகத்துக்கு நேராக இன்னொரு முறை சொல்கிறேன். இந்தத் தடவை படிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நான் ஐந்தாவது படித்தபோது நாங்கள் தாயில்பட்டிப் பக்கம் இருந்தோம். அம்மா பருத்தி எடுக்கப் போவாள். அன்று பள்ளிக்கூடம் லீவு, நானும் கூடப் போய் வரப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டுக்காரர் வந்தார். ‘என்ன கருப்பம்மா, மக படிக்குதாக்கும்? எம்புட்டுப் படிச்சாலும் நாளைக்கு இங்கனதான பருத்தி எடுக்க வரப்போகுது’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்கூட.

அம்மா சிரிக்கவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டே போனாள். அப்போது ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வண்டி வந்தது. எங்கள் தெருவிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் அதில் ஏறியதில்லை. ‘கம்பெனிக்குப் போறவ கருகித்தான் திரும்புவா’ என்று பேச்சு. அம்மா மடியை அவிழ்த்துப் பருத்தியை வரப்பில் கொட்டினாள். என் கையைப் பிடித்தாள். ஓடிப்போய் நடுரோட்டில் நின்றாள். வண்டி கீச்சென்று நின்றது.

‘ஏம்மா, சாகணுமா?’ என்றார் டிரைவர்.

‘எடம் இருக்கா?’ என்றாள் அம்மா.

பின்னால் காட்டுக்காரர் கத்தினார். ‘ஏய் கருப்பம்மா, பாதியில போட்டுட்டு எங்கன போறே?’

‘எடுத்தது வரப்புல இருக்கு மொதலாளி. இனி நானும் வரல, எம் மகளும் வரமாட்டா.’

அவரை ‘மொதலாளி’ என்று அவள் சொன்னது அதுதான் கடைசி. ஆலை வாசலில் கணக்கப்பிள்ளை ‘யாரு சொல்லி வந்தே?’ என்று கேட்டதற்கு ‘நானே சொல்லித்தான் வந்தேன்’ என்றாள். என்னை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போய்ப் பட்டாசுச் சரம் பின்னக் கற்றுக்கொண்டாள். ‘வீட்டுக்கு ஒருத்தி இந்த வண்டியில போனாப் போதும். அது நானா இருக்கட்டும்’ என்று என்னைக் கடைசிவரை அந்த வாசலுக்குள் விடவே இல்லை. நான் பார்த்து அசந்துபோன ஆள் அவள்தான்.

அந்தக் காடு உங்கள் காடு. சிரித்தவர் உன் அப்பா. ஹாஸ்டலில் உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்றே எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. உன் டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் அவர் தூக்கினார். நீ கலகலவென்று பேசிக்கொண்டே வந்தாய். எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று. அதனால் சொல்லவில்லை.

பதிவில் யார் பெயரும் போடவில்லை. ‘ஒரு தாய்’, ‘ஒரு காட்டுக்காரர்’ என்றுதான் எழுதினேன். ஆனால் உங்கள் காட்டில் இருக்கிற அந்த இரட்டைக் கிணற்றை எழுதியிருந்தேன், உனக்குத் தெரியட்டும் என்று. இவ்வளவு வருஷம் தொண்டைக்குள் இருந்ததை உன் தலைப்பு வெளியே எடுத்தது. அதற்கு நீ அனுப்பிய பதில் ‘ஒன்றும் காணோம்’. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

வேல்விழி

*

சித்தோர்கர்
25 ஆகஸ்ட் 2008

என் வேலு,

முதலில் உன் மடலை நீயே ஒரு தடவை புரூப் பார். எந்தத் தேதிக்கு வெளிவரும்படி வைத்தாய் என்று எழுதியிருக்கிறாய்? 17-8-2009! அடி பாவி மகளே, இது 2008டி! உன் காலண்டர் மேசையில்தான் இந்த வருஷம் முடிந்தது. மற்ற ஜனங்களுக்கெல்லாம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உன் பதிவு உன் பட்டியலில் இருந்தது உண்மை. ஊருக்குத் தெரிய அடுத்த ஆவணிவரை காத்துக்கொண்டிருந்தது. கோபத்தில் எழுதிய கடிதத்திலும் அதே வருஷத்தைப் போட்டு, என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாயே!

சிரித்தேன். அப்புறம் அழுதேன். நான் சத்தியமாகப் படிக்கவில்லை. என் குழந்தை இன்னும் பிறக்கவில்லை, இல்லாவிட்டால் அதன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். (ஆமாம். மாசி மாதம். இந்தச் செய்தியை இப்படியா சொல்ல வேண்டும்? உன்னால் வந்தது.)

இப்போது படித்துவிட்டேன். மனதில் என்ன வருகிறதோ அதை உடனே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உன் அம்மாவைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. லீவில் உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவங்க கையால் எத்தனை தோசை தின்றிருக்கிறேன்! ஒரு வார்த்தை சொன்னதில்லையே. அப்பா சொன்னது தப்பு. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

உடனே ஊருக்குப் போன் போட்டேன். ‘அப்பா, கருப்பம்மான்னு ஒருத்தங்க நம்ம காட்டுல பருத்தி எடுத்தாங்களா?’ என்றேன்.

‘வண்டியை மறிச்சவதான?’ என்றார். ‘நல்லா ஞாபகம் இருக்கு தாயி. அவ போனா, மறுவாரம் பாலம்மாளும் போனா. அந்த வருசம் பருத்தி எடுக்க ஆளு கெடைக்காம பாதி காட்டுலயே கெடந்து போச்சு.’

‘நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?’

‘இருக்கு’ என்றார். அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னார் வேலு. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

‘பிளஸ் டூ முடிச்சதும் உன்னையக் கட்டிக் குடுக்கத்தான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டுல நாள் குறிக்கக் கேட்டு வந்துட்டாக. அன்னைக்குத்தான் எவனோ சொன்னான், கருப்பம்மா மக விருதுநகர் காலேஜுல சேரப்போகுதுன்னு. எனக்குச் சோறு எறங்கலை. நான் பருத்தி எடுக்க வரும்னு சொன்ன புள்ள பட்டம் வாங்கும், எம் மக அடுப்பு ஊதுமா? வந்தவுகளைத் திருப்பி அனுப்பிட்டேன். மறுநாளே உனக்கு அப்ளிகேசன் வாங்கியாந்தேன். ஹாஸ்டல்ல உங்கூட இருந்த புள்ள யாருன்னும் எனக்குத் தெரியும். பெட்டி தூக்குனப்பவே தெரியும். அவ ஆத்தா மொகம் அப்படியே இருந்துச்சு.’

நீயும் அறிவாய், அவரும் அறிவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய் திறக்காமல் மாடி ஏறியிருக்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி மட்டும் லூசு மாதிரி பேசிக்கொண்டே வந்திருக்கிறேன்!

அப்பா ஆசையாகப் படிக்க வைத்தார் என்றுதான் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். போட்டிக்குப் படிக்க வைத்திருக்கிறார். நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் உன் அம்மா வண்டி ஏறியதால் வந்தது. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ‘கருப்பம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமாப்பா?’ என்று கேட்டேன். ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றார். வைக்கப்போனவர் மறுபடி, ‘நல்லா இருக்காளான்னு கேளு’ என்றார்.

வேலு, கடையைத் திற. தோற்றது நான்தான். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், இந்த வயிற்றோடு முடிந்தவரை. அந்தப் பதிவை மறுபடி எழுது.

அருணா

*

சிவகாசி
30 ஆகஸ்ட் 2008

எருமை,

மாசியிலா? வாயும் வயிறுமாக இருப்பவளையா நான் அழவைத்தேன்? பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிப் பூசணிக்காய் நிறைய வாங்கிச் சாப்பிடு.

என்னைப் பற்றி என்ன சொல்ல! 2009 ஆகஸ்ட் பதினேழு திங்கட்கிழமை. காலை எட்டு மணி ராகுகாலம். அதுவும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும், நான்தான் புரூப் பார்த்தேன். ராகுகாலத்தில் பதிவு போட்டால் இப்படித்தான் ஆகும். உன்னை ‘நீங்கள்’ என்று எழுதியதற்கு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

உன் மடலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். சீசன் நேரம், விரல் இடுக்கில் எல்லாம் அலுமினியப் பவுடர், தேய்த்தாலும் போகாது. கழுவிக்கொண்டே கேட்டாள். உன் அப்பாவுக்குச் சோறு இறங்காத இடம் வந்ததும் கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

‘சோறு எறங்கலையாமா அவருக்கு? வண்டி ஏறுன அன்னைக்கு எனக்கு நல்லாப் பசிச்சுது. கொண்டுபோன கஞ்சியைக் காட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்’ என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, ‘அப்ப அந்தப் பிள்ளை படிச்சதும் என்னாலதானா?’ என்று மெதுவாகக் கேட்டாள். ‘ஆமாம்’ என்றேன். எழுந்துபோய் முகம் கழுவினாள். நல்லா இருக்கிறாளா என்று உன் அப்பா கேட்டாரல்லவா, நல்லா இருக்கிறாள் என்று சொல்.

கடையைத் திறந்துவிட்டேன். பெயர் அதேதான். பழையது எதுவும் இல்லை, போனது போனதுதான். புதுப்பெண்ணை மட்டும் நினைவிலிருந்து எழுதிவிடலாம். அம்மாவைப் பற்றி நேற்று எழுத உட்கார்ந்தேன். முன்பு வந்த மாதிரி வரவில்லை. வேறு மாதிரி வருகிறது, இன்னும் நன்றாக. இந்தத் தடவை அவளிடமே கேட்டேன். ‘ஒரு தாய்னு போட்டுரட்டுமாம்மா? பேரைப் போட்டா ஊருல பேசுவாக’ என்றேன்.

‘ஏட்டி, நடுரோட்டுல வண்டிக்கு முன்னாடி நின்னவ நானு. அதை எவளோ ஒருத்தின்னு எழுதுவியா? கருப்பம்மான்னு போடு.’

‘அவரு பேரு?’

‘அது அந்தப் பிள்ளைக்கு அப்பன் பேரு. அதுகிட்டக் கேட்டுக்கோ’ என்றாள்.

அதனால் கேட்கிறேன் அருணா. நீ வேண்டாம் என்றால் ‘காட்டுக்காரர்’ என்றே போடுகிறேன். எனக்கு வருத்தம் இல்லை. நிஜமாகவே இல்லை.

வேலு

*

சித்தோர்கர்
31 ஆகஸ்ட் 2008

வேலு,

எனக்குச் சம்மதம். ஆனால் பெயர் அப்பாவுடையது, போன் போட்டு அவரிடமே கேட்டுவிட்டேன். அம்மா பின்னாலிருந்து ‘வேண்டாம்னு சொல்லுங்க, சாதிசனம் சிரிக்கும்’ என்று கத்தியது எனக்கே கேட்டது. அப்பா சொன்னார்:

‘போடச் சொல்லு. இனிசியலை விட்டுராமப் போடச் சொல்லு. நம்ம ஊருல இன்னும் ரெண்டு சோலைச்சாமி இருக்காக. நான் சொன்ன சொல்லு அவுக மேல விழுந்துறக் கூடாது.’

இனிஷியல் பெ.

அருணா